கோபுரம் இரண்டாம் முறை நின்றது: எந்தக் கருவி உழைத்தது, எது தூங்கியது

நேற்று இரவு அடிப்பலகையின் ஓரத்தில் கடைசிப் பிடிப் பச்சைத்தூளைத் தூவி, ஒட்டாமல் நின்றதைத் தட்டிவிட்டேன். கோபுரம் முடிந்தது. இரண்டு மாடி, ஒரு மூலை இடிந்து விழுந்த காவல் கோபுரம். உயரம் 19 சென்டிமீட்டர். மேசை விளையாட்டில் நாங்கள் நகர்த்தும் 28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்காகச் செய்தது. சோதித்துப் பார்க்கலாமே என்று பகடையை அதன்மேல் வேகமாக உருட்டிவிட்டேன். ஒரு கல்லும் பெயரவில்லை.

இது இரண்டாவது கோபுரம். முதலாவது, பெயிண்ட் அடித்த பத்து நிமிடத்தில் என் கண் முன்னாலேயே கரைந்து உள்ளே அமுங்கியது. அதைப் பார்த்த நண்பன் கொஞ்சமும் இரக்கம் இல்லாமல், "மச்சான், இது கோபுரமாடா? கரையான் புத்து மாதிரி இருக்கு. பேசாம புத்துன்னே சொல்லி வச்சுக்கோ, யாருக்கும் சந்தேகம் வராது" என்றான். அந்தக் கதை கீழே வரும்.

உண்மையில் முதல் தவறு கோபுரத்தைத் தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. டெரெய்ன், அதாவது பொம்மைகள் நிற்கும் கட்டடமும் குன்றும், செய்யப் போகிறோம் என்ற உற்சாகத்தில், எதைச் செய்யப் போகிறேன் என்று முடிவு செய்வதற்கு முன்னால் கருவிகளை வாங்கிவிட்டேன். சூடான கம்பியால் ஃபோமை அறுக்கும் ஹாட் வயர் கட்டர், பசைக்குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன், பதின்மூன்று வகை பிளேடு கொண்ட ஹாபி கத்தி செட், கையடக்க டிரில், செங்கல் அச்சு பதிக்கும் உருளை, மூன்று பச்சையில் புல்தூள் என்று ஒரு பெட்டி நிறைந்துவிட்டது. முதல் கோபுரம் கரைந்த பிறகு, இரண்டாவதைத் தொடங்கும்போது ஒரு காரியம் செய்தேன். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் அதே பழைய கணக்குதான். வேலை முடிந்தபோது ஸ்டீல் ஸ்கேலுக்கு 61 கோடு, கட்டர் கத்திக்கு 58, பால்பாயிண்ட் பேனாவுக்கு 33, பல் குத்தும் குச்சிக்கு 24. ஹாட் வயருக்கு 4. உருளைக்கு 1. டிரில்லுக்கு ஒன்றுகூட இல்லை. பதின்மூன்று பிளேடில் தொட்டது ஒன்றே ஒன்று.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அட்டை. முதல் கோபுரத்துக்கு நான் எடுத்தது டிவி பெட்டிக்குள் வந்த சாதாரண தெர்மாகோல். இலவசம் என்பதுதான் அதன் ஒரே நல்ல குணம். கத்தி பட்ட இடமெல்லாம் வெள்ளை உருண்டைகள் பிய்ந்துகொண்டு வந்தன. சட்டை, தலைமுடி, விசிறி என்று எங்கும் ஒட்டின. கல் மாதிரி கோடு கீறினால் கோடு நேராகப் போகாமல் உருண்டைகளைச் சுற்றி வளைந்து போகும். பெரிய குன்றுக்கு உள்ளே நிரப்ப அது போதும், மேலே தெரியும் எதற்கும் ஆகாது.

வேண்டியது எக்ஸ்.பி.எஸ். என்கிற அடர்ந்த ஃபோம் அட்டை. கட்டடங்களில் வெப்பத்தைத் தடுக்கப் பதிப்பது. நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று தயாரிப்பவரைப் பொறுத்து நிறம் மாறும். நிறத்தை நம்ப வேண்டாம், ஓரத்தைக் கொஞ்சம் ஒடித்துப் பாருங்கள். உருண்டை உருண்டையாக உதிர்ந்தால் தெர்மாகோல். ஒரே சீராக, நெருங்கிய நுண்துளைகளோடு ஒடிந்தால் எக்ஸ்.பி.எஸ். விரல் நகத்தால் அழுத்தினால் நகத்தின் அச்சு அப்படியே பதிந்து நிற்க வேண்டும். டெரெய்ன் வேலைக்கு அந்த ஒரு குணம்தான் எல்லாம்.

இங்கேயும் சறுக்கினேன். 50 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பெரிய பலகையை வாங்கிவிட்டேன். எனக்குச் சுவருக்கு வேண்டியது 10 மில்லிமீட்டர். 50ஐ ஐந்தாகப் பிளக்க வேண்டுமென்றால், கம்பி அசையாமல் நிற்கும் மேசை வகை ஹாட் வயர் வேண்டும். கையில் பிடிக்கும் வகையில் அறுத்தபோது ஒரு முனை 8, மறுமுனை 13 என்று வந்தது. கடைசியில் 10 மில்லிமீட்டர் அட்டை நான்கும் 20 மில்லிமீட்டர் அட்டை ஒன்றும் தனியாக வாங்கினேன். கோபுரம் முழுவதும் அந்த ஐந்தில்தான் நிற்கிறது. 20 மில்லிமீட்டரில் பாதி இன்னும் மிச்சம். சில அட்டைகளின் மேல்பக்கம் பளபளவென்று தோல் போல இருக்கும். அதை 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் பிடிக்காமல் வழுக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் அவசியம், அந்தத் தூள் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

அடுத்தது கத்தி. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இந்தப் பத்தியைப் படியுங்கள். நல்ல கத்தி தேவையில்லை. புதிய பிளேடு தேவை. முனையை ஒடித்துக்கொண்டே போகும் சாதாரண கட்டர், 9 மில்லிமீட்டர் அகலப் பிளேடு, அவ்வளவுதான். 18 மில்லிமீட்டர் பிளேடு தடிமனானது, ஃபோமுக்குள் போகும்போது இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தை உயர்த்திவிடுகிறது. அதை எம்.டி.எஃப். என்கிற, மரநாரை அழுத்திச் செய்த பலகையின் ஓரத்தைச் சீவ மட்டும் வைத்திருக்கிறேன். பிளேடை இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டி, அட்டையோடு படுத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு இரண்டு இழுப்பு, 20க்கு மூன்று நான்கு. ஒரே மூச்சில் அறுக்கப் போனால் பிளேடு உள்ளே வளைந்து, மேலே நேராகவும் கீழே கோணலாகவும் வரும்.

பிளேடு மழுங்கியதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, காதால்தான் முடியும். புது முனை ஃபோமில் போகும்போது சத்தமே வராது, பட்டுத்துணி நழுவுவது மாதிரி. மழுங்கத் தொடங்கியதும் மெல்லிய 'கிர்ர்' கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகு இன்னும் ஒரு சுவர்தானே என்று அறுத்தீர்களானால், வெட்டுமுகத்தில் சின்னச் சின்னப் பிசிர்கள் கிழிந்து தொங்கும், பெயிண்ட் அடித்ததும் அவை அத்தனையும் தெரியும். முதல் கோபுரம் முழுவதையும் ஒரே முனையில் அறுத்தேன். இரண்டாவதற்கு 14 முனை ஒடித்தேன். உதிரிப் பிளேடு ஒரு பெட்டியின் விலை, அந்தப் பதின்மூன்று பிளேடு செட்டின் விலையில் ஆறில் ஒரு பங்குகூட வராது. ஒடித்த முனைகளைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். பழைய மாத்திரை டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு உண்டியல் மாதிரி வைத்திருக்கிறேன்.

ஸ்கேல் கண்டிப்பாக ஸ்டீல்தான். பிளாஸ்டிக் ஸ்கேலின் ஓரத்தைக் கட்டர் சுருள் சுருளாகச் சீவி எடுத்துவிட்டது, அதை வைத்துப் போட்ட அடுத்த கோடு எல்லாம் அலை அலையாக வந்தது. ஸ்டீல் ஸ்கேல் ஃபோமின்மேல் வழுக்கும், அதனால் அடியில் உப்புத்தாள் துண்டு இரண்டு ஒட்டியிருக்கிறேன். கூடவே ஒரு மூலமட்டம் வாங்குங்கள். முதல் கோபுரத்தில் மூலையைக் கண்ணளவில் வைத்து ஒட்டினேன். 15 சென்டிமீட்டர் சுவரில் 4 மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. மேல்மாடித் தளத்தைப் பொருத்தும்போதுதான் தெரிந்தது, ஒரு பக்கம் இடைவெளி, மறுபக்கம் முட்டல். இடிபாடு என்பதால் சாய்ந்தால் என்ன என்று கேட்கலாம். இடிந்ததாகத் தெரிய வேண்டியது சுவரின் மேல்விளிம்பு மட்டும்தான். அடி நேராக இல்லாவிட்டால் மேலே எதுவும் உட்காராது.

கட்டிங் மேட் ஏ3 அளவு போதும். அதன்மேல் சூடான எதையும் வைக்காதீர்கள். நான் குளூ கன்னைச் சாய்த்து வைத்த இடம் இப்போது மேடாக நிற்கிறது, அந்த மேட்டின்மேல் எந்த அட்டையும் படியாது.

ஹாட் வயருக்கு நான்கு கோடுதான் என்று சொன்னேன் அல்லவா, அது கருவியின் குறை இல்லை. நேர்ச் சுவருக்கு அது வேண்டாம். அவசரப்பட்டுத் தள்ளினால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வில் மாதிரி வளையும், வெட்டும் வளைந்துவிடும். பாறை, குன்று, சரிவு என்று வளைவான வேலைக்கு அதற்கு ஈடே இல்லை. நான்கு தடவையும் கோபுரத்தடியில் கிடக்கும் பாறைகளை வெட்டத்தான் எடுத்தேன். ஆக, முதல் வேலை சுவர் என்றால் அதைக் கடைசியில் வாங்குங்கள். குன்று என்றால் முதலில். உருகும் ஃபோமின் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பிய பிறகே சுவிட்சைப் போடுவேன்.

அளவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். முதல் கோபுரத்தின் வாசலை, பொம்மையின் தோளைப் பார்த்து 22 மில்லிமீட்டர் அகலம் வைத்தேன். பொம்மை நிற்கும் வட்டத்தட்டு 25 மில்லிமீட்டர்! வீரன் வாசலில் சிக்கிக்கொண்டான். இப்போது வாசல் அகலம் 32, உயரம் 42. மாடிக்கு மாடி 75, கை உள்ளே போய் பொம்மையை எடுக்க அது குறைந்தபட்சம். தரையில் கட்டம் போடுவதாக இருந்தால் 25 மில்லிமீட்டர் என்று வட்டமாக்காதீர்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஆட்டங்களின் வரைபடத்தில் ஒரு கட்டம் ஓர் அங்குலம், ஆட்டக் கணக்கில் ஐந்து அடி. அங்குலம் என்றால் 25.4. பத்து கட்டத்தில் 4 மில்லிமீட்டர் விலகும், அச்சிட்ட வரைபடத்தின்மேல் வைத்தால் கோடுகள் சேராது.

இனி எனக்குப் பிடித்த பகுதி, கல் கீறுவது. இதற்கு வாங்கிய உருளையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்துச் சுவர்க் காகிதம் மாதிரி ஒரே கல் திரும்பத் திரும்ப வந்தது. தூக்கி வைத்துவிட்டேன். பிறகு எல்லாம் பால்பாயிண்ட் பேனாதான், மை தீர்ந்தது இருந்தால் இன்னும் நல்லது. 12 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைக்கோடுகளை ஸ்கேல் வைத்து இழுத்தேன். செங்குத்துக் கோடுகளை ஸ்கேல் இல்லாமல், ஒரு வரிசையின் இணைப்பு மேல்வரிசைக் கல்லின் நடுவில் வருமாறு மாற்றி மாற்றி. ஒரே கோட்டில் இரண்டு தடவை பேனா போக வேண்டும்: முதல் தடவை வழி காட்ட, இரண்டாம் தடவை ஆழப்படுத்த. ஒரு தடவையோடு விட்டால் பெயிண்ட் பூசியதும் கோடு மூடிப்போய் மொட்டைச் சுவர் ஆகிவிடும். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கல்லின் நடுவே கட்டைவிரலை வைத்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே அமுக்கினேன். அந்த ஒரு மில்லிமீட்டரில் சுவருக்கு வயது ஏறிவிடுகிறது. கடைசியாக அலுமினியத் தாளை எலுமிச்சை அளவுக்குக் கசக்கி, சுவர்மேல் திருப்பித் திருப்பித் தட்டினேன். திருப்பாமல் தட்டினால் ஒரே மடிப்பின் அச்சு வரிசையாக விழுந்து காட்டிக்கொடுக்கும்.

ஒட்டுவதில் இரண்டு நாள் போனது. மர வேலைக்கான வெள்ளைப் பசையை இரண்டு 20 மில்லிமீட்டர் அட்டைத் துண்டுகளுக்கு நடுவே தாராளமாகப் பூசி, மேலே எடை வைத்து, மறுநாள் தூக்கினேன். மேலட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே பசை, தயிர் மாதிரி ஈரமாகவே இருந்தது. அந்தப் பசை உலர வேண்டுமானால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். ஃபோம் தண்ணீரை விடாது. ஆக, ஓரத்தில் மட்டும்தான் காயும். அவசரத்தில் இன்ஸ்டன்ட் பசையை எடுத்தேன். அது ஃபோமைத் தின்று பட்டாணி அளவில் பள்ளம் போட்டது. குளூ கன் அதிகச் சூட்டு வகை, அதுவும் தன் பங்குக்கு உருக்கியது.

இப்போது செய்வது இது. வெள்ளைப் பசையை மெல்லிய படலமாகப் பூசி, நடுவில் இரண்டு இடம் மட்டும் காலியாக விடுகிறேன். அங்கே குளூ கன்னால் பொட்டு வைத்து உடனே அமுக்குகிறேன். பொட்டு இப்போதைக்குப் பிடிக்கும், வெள்ளைப் பசை ஒரு நாள் எடுத்துக்கொண்டு நிரந்தரமாகப் பிடிக்கும். சூட்டைக் குறைக்க, கன்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுத்துப் பொட்டு வைக்கிறேன். குறைந்த சூட்டு வகை வாங்கியிருந்தால் இந்த வித்தை தேவையில்லை. மூலைகளில் பல் குத்தும் குச்சியைச் சாய்வாகக் குத்தி உள்ளேயே விட்டுவிடுகிறேன். கோபுரத்தின் எலும்பு அந்த 24 குச்சிகள்தான்.

அடிப்பலகை 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்., 20க்கு 20 சென்டிமீட்டர். மேல்பக்கம் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் மணலும் போட்டதும் மூலைகள் நாற்காலிக் கால் மாதிரி தூக்கிக்கொண்டன. பயப்பட வேண்டாம், கவிழ்த்து அடிப்பக்கத்துக்கும் அதே தண்ணீர்ப் பசையைப் பூசி, காய்ந்த பின் ஓர் இரவு எடை வைத்தால் பெரும்பாலும் படிந்துவிடும். என்னுடையதில் ஒரு மூலை இன்னும் ஒரு மில்லிமீட்டர் தூக்கித்தான் இருக்கிறது. அடுத்த தடவை கோபுரத்தை ஒட்டும் முன்பே இரண்டு பக்கமும் பூசிவிடுவேன்.

இப்போது அந்தக் கரையான் புற்றுக் கதை. முதல் கோபுரத்துக்கு அடிவண்ணமாகக் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். சாதாரண ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான், தெர்மாகோலும் எக்ஸ்.பி.எஸ்.ஸும் செய்யப்படும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும், ஆனால் தூரத்திலிருந்து லேசாக அடித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். முதலில் கல்லின் கூர்முனைகள் மழுங்கின. பிறகு மெல்லிய படபடப்புச் சத்தம். பிறகு சுவர் முழுவதும் குழிகள்.

இரண்டாவதற்கு ஸ்ப்ரே பக்கமே போகவில்லை. தண்ணீரில் கரையும் கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் ஒரு பங்கு, வெள்ளைப் பசை ஒரு பங்கு, கொஞ்சம் தண்ணீர். இதைத் தேய்ந்துபோன பழைய பிரஷால் கோடுகளுக்குள் குத்திக் குத்திப் பூசினேன். முதல் பூச்சு காய்ந்ததும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பூச்சு படாத ஃபோமின் நீலம் ஊசிமுனையளவில் அங்கங்கே எட்டிப்பார்க்கும். இரண்டாம் பூச்சு அதற்காக. இந்தத் தோல் காய்ந்ததும் விரலால் தட்டினால் 'டொக்' என்று அட்டைப்பெட்டி மாதிரி கேட்கிறது, சாதாரண உரசலில் ஃபோம் பிய்வதில்லை.

வண்ணத்துக்கு மூன்றே டியூப்: கறுப்பு, வெள்ளை, அடர் பழுப்பு. பெரிய டியூபாக வாங்குங்கள், பொம்மைக்கு வாங்கும் சின்னக் குப்பிகளை டெரெய்னுக்குச் செலவழித்தால் கட்டுப்படி ஆகாது. மூன்று சாம்பல் கலந்து, அடர்ந்ததிலிருந்து வெளிறியது வரை டிரை பிரஷ் செய்தேன். பிரஷில் பெயிண்டைத் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்கிற வரை துடைத்து, சுவர்மேல் தூசி தட்டுவது மாதிரி ஓட்ட வேண்டும். இதற்கு நல்ல பிரஷை எடுக்காதீர்கள், செத்துவிடும். முகப்பூச்சுக்கு வைத்திருக்கும் உருண்டைத் தலைப் பிரஷ் அருமையாக வேலை செய்கிறது. பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுப் பூசினால் கோடுகளுக்குள் ஓடி உட்காரும். நான் அது காயும் முன்பே கடைசி டிரை பிரஷை ஓட்டியதில் பின்சுவரில் திட்டுத் திட்டாகப் போய்விட்டது. அந்த இடத்தில் கொடி ஏறியதாகப் பச்சைத்தூள் ஒட்டி மறைத்திருக்கிறேன்.

மணல் சலித்து, கழுவி, காயவைத்தது. பச்சைத்தூள் மூன்று வகை வாங்கினேன், பயன்பட்டது மங்கலான ஒன்று மட்டும். மற்ற இரண்டும் விளையாட்டு மைதானத்துப் பச்சை.

கணக்கு பார்த்தால், முதலில் பெட்டிக்குச் செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்தக் கோபுரத்துக்கு உழைக்கவில்லை. ஸ்கேல், மூலமட்டம், கட்டர், ஒரு பெட்டி பிளேடு, மேட், ஃபோம், வெள்ளைப் பசை, மூன்று டியூப் பெயிண்ட், இரண்டு பிரஷ். பேனாவும் குச்சியும் அலுமினியத் தாளும் வீட்டிலேயே கிடந்தவை. டிரில்லை நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன். கரைந்த கோபுரத்துக்குப் பழுப்பு பூசி அவன் சொன்ன வேலைக்கே வைத்திருக்கிறேன்.

அந்த 50 மில்லிமீட்டர் பலகை இன்னும் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. அடுத்தது அதில் ஒரு குன்று, கோபுரம் உட்கார மேலே 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு விட்டு. பெட்டி மூடியில் புதுத் தாள் ஒட்டியாகிவிட்டது. இந்த முறை ஹாட் வயரின் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.